மிதிச்சா மூச்சை நிறுத்துற வண்டி!

என்ன பாஸ், போன வாரம் சொன்ன மாதிரி பேட்டரி டெர்மினலைத் துடைச்சீங்களா? இந்த வாரம் கொஞ்சம் சீரியஸான மேட்டர். வண்டி ஸ்டார்ட் ஆகுது, ஐடில்ல சமர்த்தா நிக்குது, உருட்டிக்கிட்டுப் போனா ஒரு குறையும் இல்லை. ஆனா, ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதிச்சா மட்டும் திணறி, குலுங்கி, பொட்டுனு ஆஃப் ஆகிடுது. உங்க வீட்டு கார் இப்படிப் பண்ணினா, 'திரும்ப ஸ்டார்ட் ஆகுதுல்ல'னு மட்டும் விட்டுடாதீங்க.

நான் விட்டேன். ஃப்ரெண்டோட அக்கா கல்யாணத்துக்கு, அப்பாவோட பழைய பெட்ரோல் காரை எடுத்துக்கிட்டு திருச்சியில இருந்து தஞ்சாவூருக்கு அஞ்சு பேரா கிளம்பினோம். செங்கிப்பட்டி தாண்டி ஒரு டிப்பர் லாரியை ஓவர்டேக் பண்ண வலது பக்கம் ஏறி, மூணாவது கியர் போட்டு மிதிச்சேன். லாரிக்குச் சரியா பக்கத்துல போகும்போது இன்ஜின் செத்துப் போச்சு. பின்னாடி ஒரு பஸ் லைட்டைப் போட்டுப் போட்டு அணைச்சுக்கிட்டே வருது. அதுவரைக்கும் உள்ளே பாட்டுக்குப் பாட்டு. அப்புறம் ஒருத்தன்கூட வாயைத் திறக்கலை.

அந்த நேரத்துல செய்யக் கூடாதது ரெண்டு. ஒண்ணு, பதற்றத்துல சாவியைக் கடைசி வரைக்கும் திருப்பி வெளியே உருவுறது. ஸ்டீயரிங் லாக் விழுந்துடும், கதை முடிஞ்சது. ரெண்டாவது, பிரேக்கை மிதிச்சு மிதிச்சு விடுறது. இன்ஜின் நின்ன பிறகு பிரேக் பூஸ்டர்ல மிச்சம் இருக்கிற வேக்குவம் ஒண்ணு ரெண்டு மிதிக்குத்தான் தாங்கும். அதுக்கப்புறம் பெடல் கல்லு மாதிரி ஆகிடும். ஸ்டீயரிங்கும் கனமாகும், ஆனா பலமா பிடிச்சா திரும்பும். கிளட்ச்சை மிதிச்சு, நியூட்ரலுக்கு வந்து, ஹஸார்டு லைட்டைப் போட்டு, லாரியை முன்னால போக விட்டு, இருக்கிற வேகத்துலயே இடது ஓரத்துக்கு வந்து சேர்ந்தோம். பஸ் டிரைவர் திட்டின திட்டை இங்கே அச்சடிக்க முடியாது. ஆனா, அவர் பிரேக் போட்டதாலதான் இந்த வாரமும் எழுதிக்கிட்டு இருக்கேன்.

மறுநாள் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப். பார்த்த உடனே தீர்ப்பு: பிளக்கை மாத்து, காயிலை மாத்து, இன்ஜெக்டரை கிளீன் பண்ணு. ஆறாயிரத்துச் சொச்சம் பில். வெளியே வந்து ஒரு மேம்பாலம்கூட ஏறலை, மறுபடியும் பொட்டு! அப்பா பார்த்த பார்வை இருக்கே... வேண்டாம் விடுங்க.

அப்புறம்தான் பாலக்கரை சந்துல இருக்கிற ஒரு மெக்கானிக் அண்ணன்கிட்ட போனேன். அவர் ஸ்பேனரையே எடுக்கலை. முதல்ல கேள்வி. "எப்ப நிக்குது தம்பி? சூடானதும் நின்னு, ஆறினதும் ஸ்டார்ட் ஆகுதா? காலை எடுத்தா நிக்குதா, மிதிச்சா நிக்குதா?"

இந்தக் கேள்வியிலதான் பாதி விடை இருக்கு. சூடானா நின்னு, ஆறினா ஓடினா கிராங்க்‌ஷாஃப்ட் சென்சார் மேல சந்தேகம். காலை எடுத்ததும் நின்னா, த்ராட்டில் பாடியில கரி. மிதிச்சா நின்னா, பசி! பெட்ரோல் இன்ஜினுக்கு ஒரு கிலோ பெட்ரோலுக்கு சுமார் 14.7 கிலோ காற்று என்பது கணக்கு. அழுத்தி மிதிக்கும்போது பெட்ரோல் இன்னும் கூடுதலா வேணும், விகிதம் 13-க்குக் கீழேகூடப் போகும். அந்த நேரம் பார்த்து பெட்ரோல் வரலைன்னா?

ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற சாக்கெட்ல ஸ்கேனரைச் சொருகினார். பி0171. 'காற்று அதிகம், பெட்ரோல் கம்மி'னு அர்த்தம். எங்கேயாவது டியூப் கிழிஞ்சு காற்று திருட்டுத்தனமா நுழைஞ்சாலும் இதே கோடுதான் வரும். எப்படிப் பிரிக்கிறது? காற்று லீக்னா ஐடில்லதான் அதிகமாத் தெரியும். எங்க காரோ ஐடில்ல சமர்த்து, மிதிச்சாதான் பெட்ரோலைக் கூட்டச் சொல்லி கம்ப்யூட்டர் கதறுது. ஆக, பெட்ரோல் வர்ற வழியிலதான் கோளாறு.

அதுக்கப்புறம் அவர் பண்ணினதுதான் எனக்குப் பிடிச்சது. பிரஷர் கேஜை ஃப்யூவல் லைன்ல மாட்டி, ஹோஸை பானட் இடுக்கு வழியா வெளியே இழுத்து, கேஜை கண்ணாடி மேல டேப் போட்டு ஒட்டினார். "நின்ன இடத்துல ரேஸ் பண்ணினா லோடு இருக்காது தம்பி, பொய்தான் சொல்லும். ஓட்டிப் பார்க்கணும்." ஓட்டினோம். ஐடில்ல 3 பார். மேம்பாலத்துல ஏறி மிதிச்சதும் முள்ளு அப்படியே சரிஞ்சு 2-க்குக் கீழே. இன்ஜின் திணறுச்சு. கண்ணால பார்த்தேன்! (இதை வீட்டுல முயற்சி பண்ணாதீங்க. அந்த லைன்ல பெட்ரோல் அழுத்தத்தோட நிக்கும், சூடான இன்ஜின் மேல பீய்ச்சினா தீதான்.)

ஃப்யூவல் ஃபில்டரைக் கழட்டிக் கவுத்தார். காபி டிகாக்‌ஷன் மாதிரி ஒரு தண்ணி. டேங்குக்குள்ள பம்ப்போட வலையிலயும் அதே சேறு. ஐடிலுக்குத் தேவையான சொட்டு எப்படியோ கசிஞ்சு வந்துடும், மிதிச்சாதான் பத்தாது. ரெண்டையும் மாத்தினதும் அதே மேம்பாலத்துல முள்ளு 3-ஐ விட்டு அசையலை. புது ஃபில்டரும் வலையும், கூலியும் சேர்த்து அந்த ஆறாயிரத்துல கால்வாசிகூட வரலை.

"எப்பவும் ரிசர்வ்லயே ஓட்டுவியா?"ன்னு கேட்டார். திருதிருன்னு முழிச்சேன். 'நூறு ரூபாய்க்குப் போடுங்கண்ணே' பார்ட்டி நான். டேங்குக்குள்ள இருக்கிற பம்ப்பைக் குளிர வைக்கிறதே அதைச் சுத்தி நிக்கிற பெட்ரோல்தானாம். கால் டேங்குக்குக் கீழே இறக்காதேன்னு சொல்லி அனுப்பினார்.

இப்ப அப்பா சாவியைக் கொடுக்கும்போது முதல்ல ஃப்யூவல் முள்ளைத்தான் பார்க்கிறார். என்னை அப்புறம்தான்.

அடுத்த வாரம், கிளட்ச் மேல காலை வெச்சுக்கிட்டே ஓட்டுறவங்களுக்கு ஒரு கச்சேரி இருக்கு. வந்துடுங்க!