ஆண்டு எழுதாத போத்தல்

மதுவைப் பற்றி எழுதப் புகும் ஆசிரியன் முதற்கண் தன் நிலையைக் கூறிவிடுதல் நன்று. நாம் மது அருந்தும் வழக்கமுடையோமல்லோம். ஆண்டுதோறும் வகுப்பறையிலே திருக்குறளின் 93 ஆம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமையைப் பாடஞ் சொல்லி வருகின்றோம். பதினெட்டாவது வயதில் எம் அன்னையாரின் கையில் அடித்து, "குடியேன்" என்று வாக்குங் கொடுத்துள்ளோம். அத்தகைய நாம் பிரான்சு தேசத்துச் சிவப்பு வைன் ஒன்றைச் சுவைத்த வரலாற்றை இவ்வாரம் எழுதுகின்றோம். வாசகர்கள் புருவத்தை நெரிப்பதற்கு முன் இறுதிவரை படித்துவிடுமாறு வேண்டுகின்றோம்.

சென்ற விடுமுறையின்போது பாரிசு மாநகரில் வாழும் உறவினரைக் காணச் சென்றிருந்தோம். அதனையறிந்த பழைய மாணவன் ஒருவன் போர்தோ நகரிலிருந்து எம்மை அழைத்தான். இரசாயனம் கற்ற அவன், அந்நகருக்கு அண்மையில் உள்ள திராட்சைத் தோட்டமொன்றின் நிலவறையில் பரிசோதனையாளனாகப் பணிபுரிகின்றான். கடுகதிப் புகையிரதத்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம். கற்பித்தவனுக்குக் கற்றவன் பாடஞ் சொல்லும் நாள் அதுவென்று நாம் அப்போது அறிந்திலோம்.

கறுத்தத் திராட்சையின் சாறு பெரும்பாலும் நிறமற்றது என்பது எமக்குப் புதிய செய்தியாயிருந்தது. செந்நிறமும் துவர்ப்பும் அதன் தோலிலே உள்ளன. ஆதலாற் பழத்தை நசுக்கித் தோலோடு சேர்த்தே நொதிக்க விடுகின்றனர். மதுவம் என்னும் நுண்ணுயிர் சாற்றிலுள்ள வெல்லத்தை அற்ககோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றுகின்றது. நொதித்தலை ஆராய்ந்து புகழ்பெற்ற லூயி பாஸ்டர், வைனைப் பற்றித் தனி நூலே 1866 இல் வெளியிட்டார். நொதித்து முடிந்தபின் அதனை ஓக் மரப் பீப்பாக்களில் ஊற்றி மாதக்கணக்கில் வைக்கின்றனர். போர்தோப் பீப்பா ஒன்று 225 லீற்றர் கொள்ளும். அஃதாவது 300 போத்தல். மரத்தினூடே மிகச் சிறிதளவு ஒட்சிசன் உட்புகுந்து துவர்ப்பின் முரட்டுத்தன்மையைத் தணிக்கின்றது.

இவ்வாறு செய்யப்படும் வைனின் போத்தலில் ஆண்டொன்று பொறிக்கப்பட்டிருக்கும். அது பழம் பறித்த ஆண்டு. மழையும் வெயிலும் பனியும் ஆண்டுக்காண்டு வேறுபடுதலால் வைனின் குணமும் வேறுபடும். 1956 ஆம் ஆண்டு பெப்ரவரியில் வந்த கடுங்குளிர் போர்தோவின் கொடிகளையே பெருந்தொகையாய்க் கொன்றது. ஐந்தாண்டு கழித்து வந்த 1961 ஆம் ஆண்டோ அந்நூற்றாண்டின் மிகச் சிறந்த ஆண்டுகளுள் ஒன்றென இன்றும் போற்றப்படுகின்றது. சுவைஞர் ஆண்டைக் கேட்டபின்னரே விலையைக் கேட்பது இதனாற்றான். ஐரோப்பியச் சட்டப்படி, ஓராண்டின் பெயரைப் போத்தலில் இடவேண்டுமாயின் உள்ளிருப்பதில் 85 வீதமாவது அவ்வாண்டின் பழத்தினின்று வந்திருத்தல் வேண்டும்.

எம் மாணவன் எமக்கெனத் திறந்த போத்தலிலோ ஆண்டே இல்லை.

"சேர், இது மூன்று ஆண்டுகளின் வைனைக் கலந்து செய்தது. 2016, 2017, 2018" என்றான்.

பல ஆண்டுகளைக் கலத்தல் பிரான்சில் புதிதன்று. வடபுறத்திலுள்ள சம்பாஞ் பிரதேசத்திலே குளிர் மிகுதி. பழம் ஒழுங்காய்ப் பழுக்காத ஆண்டுகள் பல. ஆகவே அங்குள்ளோர் முன்னைய ஆண்டுகளின் வைனைச் சேமித்து வைத்துப் புதியதனோடு கலப்பதை வழக்கமாகக் கொண்டுள்ளனர். அயல்நாடாகிய ஸ்பெயினிலும் வேகா சிசிலியா என்னும் புகழ்பெற்ற தோட்டத்தார் பல ஆண்டுகளைக் கலந்து ஒரு சிவப்பு வைன் செய்கின்றனர். ஆயினும் போர்தோவில், உயர்ந்த சிவப்பு வைனில் இவ்வாறு செய்வோர் மிகச் சிலரே. அங்கே திராட்சை இனங்களைக் கலப்பர். ஆண்டுகளைக் கலப்பது அரிது.

நிலவறையின் தலைவர் முதியவர். தமது மொழியிலேயே பேசினார், மாணவன் மொழிபெயர்த்தான். கிண்ணத்தில் மூன்றிலொரு பங்கு ஊற்றி, வெள்ளைத் தாளின்மேற் சரித்துக் காட்டினார். நடுவிலே நாவற்பழத்தின் கருமை. விளிம்பிலே செங்கல்லின் சாயல் சற்றே தொடங்கியிருந்தது. வயது ஏற ஏற விளிம்பு பழுப்பாகும் என்றார். பின் கிண்ணத்தைச் சுழற்றி முகரச் சொன்னார். நாம் முகர்ந்தோம். பழுத்த நாவல், மழை விழுந்த மண், அதனடியில் யாழ்ப்பாணத்துச் சுருட்டுப் பெட்டியைத் திறந்தாற்போன்ற ஒரு வாசனை. சுருட்டென்று நாம் தயங்கிக் கூறியதும் முதியவர் மகிழ்ந்து எம் தோளைத் தட்டினார். போர்தோ வைனுக்குச் சுருட்டுப் பெட்டியை உவமை கூறுதல் அவர்தம் மரபாம்.

இனி வாய்க்கு வரவேண்டும். இங்கே எமது வாக்குறுதி குறுக்கிட்டது. தொழில்முறையாகச் சுவைப்போர் விழுங்குவதில்லை. வாயிலிட்டு, காற்றை உறிஞ்சி, நாவெங்கும் பரப்பி, அருகிலுள்ள கலத்தில் துப்பிவிடுவர். கொழும்பிலே தேயிலை சுவைபார்ப்போர் செய்வதும் இதுவே. குடித்தல் வேறு, சுவைத்தல் வேறு என்று இலக்கணம் எமக்குத் துணைநின்றது. மனச்சாட்சியும் துணைநின்றதோ என்று கேட்பீராயின், முழுமையாக அன்று என்பதே எமது விடை.

ஒரு மிடறு வாயிலிட்டோம். முதலிற் புளிப்பு, பின் பழத்தின் இனிய சாயல், இறுதியிற் பாலில்லாத கடுந்தேநீரைப் போன்ற துவர்ப்பு. உமிழ்நீரிலுள்ள புரதத்தோடு தனின் சேர்வதால் வாய் உலர்வது போன்ற அவ்வுணர்ச்சி தோன்றுகின்றது என மாணவன் விளக்கினான். துப்பிய பின்னரும் சுவை நெடுநேரம் நின்றது.

"இம்மூன்றில் எந்த ஆண்டு தாழ்ந்தது?" என்று வினவினோம். மதிப்பெண் இடும் தொழிலில் உள்ளவர்க்கு இக்கேள்வி தானாக வருவது.

2017 என்றார் முதியவர். அவ்வாண்டு ஏப்பிரல் இறுதியில் உறைபனி விழுந்து இளந்தளிர்களைக் கருக்கியது. போர்தோப் பிரதேசத்தின் விளைச்சல் ஏறக்குறைய 40 வீதம் குறைந்தது. எஞ்சிய பழத்தில் அவர் செய்த வைன் தனியே குடிப்பதற்கு மெலிந்ததாய், புளித்ததாய் இருந்தது. அதனை மலிவு விலைக்கு விற்றுவிட எண்ணியிருந்தாராம். மறுவருடம் வெயில் மிகுந்து பழம் நன்கு பழுத்தது. வைனோ கனத்துப்போய், இரண்டாவது மிடற்றிலேயே அலுப்பூட்டியது. ஒருநாள் அளவுக் குழாயில் அதனோடு 2017 இனைச் சிறிது சேர்த்துப் பார்த்தார். கனத்தது எழுந்து நின்றது. மெலிந்ததன் புளிப்பே மற்றதற்கு உயிராயிற்று. பல மாதம் அளந்து பார்த்து, 2016 இனையும் சேர்த்து, ஐந்திலொரு பங்கைப் பனி விழுந்த ஆண்டுக்குக் கொடுத்தார்.

இதனை மொழிபெயர்த்து முடித்த மாணவன் சற்று நேரம் பேசாதிருந்தான். பின்பு, "சேர், என்னுடைய வீணான ஆண்டு நினைவிருக்கின்றதா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான்.

எமக்கு நன்றாய் நினைவிருந்தது. உயர்தரப் பரீட்சையில் முதன்முறை அவன் மூன்று பாடங்களிலும் தவறினான். தந்தையார் அவ்வாண்டு முழுவதும் நோய்ப்படுக்கையில் இருந்தார். அவன் தாயார் எம்மிடம் வந்தபோது, "அம்மா, ஆண்டு வீணாகிவிட்டது, இவனுக்குப் படிப்பு ஏறாது, ஒரு தொழிலைப் பழக்குங்கள்" என்று கூறியவர் நாமே. அவ்வம்மையார் ஒன்றுஞ் சொல்லாது எழுந்து போனார். மகன் மருந்துக்கடையொன்றிற் சேர்ந்து, தூளை நிறுத்தும் திரவத்தை அளந்தும் பகலெல்லாம் வேலை செய்து, இரவிற் படித்து, மறுமுறை சித்தியடைந்தான்.

"இங்கே என்னை வேலைக்கு எடுத்தது அந்தக் கை அளவுக்காகத்தான், சேர்" என்றான். அவன் குரலிற் குறை கூறும் தொனி சிறிதுமில்லை. அதுவே எம்மைப் பெரிதும் வருத்தியது. "தம்பி, நான் அன்று சொன்னது பிழை" என்றோம். அவன் கிண்ணத்தைக் கழுவப் போய்விட்டான்.

மதிப்பிடுவோர் எவ்வளவு எளிதிற் பிழைபடுவர் என்பதற்கு அந்நகரிலேயே ஒரு சான்றுண்டு. வைன்கலை பயிலும் மாணவர் 54 பேருக்கு, வெள்ளை வைனில் மணமற்ற செந்நிறத்தைக் கலந்து கொடுத்தனர் ஆராய்ச்சியாளர். அதன் மணத்தை அவர்கள் சிவப்பு வைனுக்குரிய சொற்களாலேயே வருணித்தனர். இவ்வாராய்ச்சி 2001 இல் வெளியாயிற்று. கண் முதலிலே தீர்ப்பு எழுதிவிட, மூக்கு அதற்குக் கையெழுத்திடுகின்றது. ஆசிரியர்களாகிய நாம் புள்ளிப் பட்டியலைப் பார்த்துப் பிள்ளையை முகர்ந்த நாட்கள் எத்தனையோ!

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. இக்கட்டுரை மதுவுக்குப் பரிந்துரையன்று. மதுபானம் புற்றுநோய் விளைக்கும் பொருளென 1988 இலேயே சர்வதேச ஆராய்ச்சி நிறுவனம் வகைப்படுத்திவிட்டது. வள்ளுவர் கூறியதற்கு மேல் நாம் கூறுவதற்கும் ஒன்றுமில்லை. நீர் எடுத்துச் செல்ல வேண்டியது போத்தலையன்று, அதன் கணக்கை. தோற்ற ஆண்டைத் தனியே நிறுத்திச் சுவைத்தாற் புளிக்கவே செய்யும். அதனை எறிந்துவிடாதீர்.

ஊர் திரும்பியதும் இரண்டு கடமைகள் இருந்தன. அன்னையாரிடம் நடந்ததை மறைக்காமற் கூறினோம். "துப்பினாய்தானே?" என்று கேட்டுவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போனார். பின்னர் அம்மாணவனின் தாயார் வீட்டுக்குச் சென்றோம். தேநீர் தந்தார், பாலில்லாத தேநீர். துவர்ப்பு நாவில் நிற்க, பத்தாண்டுக்கு மேலாகக் கூறாதிருந்த மன்னிப்பை அன்று கேட்டுக்கொண்டோம்.