நிறுத்தி வைத்த பிரசாரம்



ஒரு வீட்டில் துன்பம் நேர்ந்தால் உறவினர் அனைவரும் விரைந்து வருவர். ஆனால் வந்தவர்களுள் யார் எந்தச் சுமையைத் தோளில் ஏற்றார் என்பதே அக்குடும்பத்தின் நினைவில் நிலைத்து நிற்கும். நாட்டுக்கும் இது பொருந்தும் என்பதை அமெரிக்காவின் 2008ஆம் ஆண்டு அதிபர் தேர்தல் காட்டியது.

அதற்கு முந்தைய ஆண்டுகளில் அந்நாட்டு நிதி நிறுவனங்கள், திருப்பிச் செலுத்த இயலாதோருக்கும் தாராளமாக வீட்டுக் கடன் வழங்கின. அக்கடன்களைப் பத்திரங்களாக்கி உலகெங்கும் விற்றன. வீடுகளின் விலை சரிந்ததும் அனைத்தும் ஆட்டம் கண்டன. 158 ஆண்டுப் பழமை வாய்ந்த லேமன் பிரதர்ஸ் நிறுவனம் செப்டம்பர் 15 அன்று திவாலானது. அதே நாளில், பொருளாதாரத்தின் அடிப்படை வலுவாகவே உள்ளது என்று பேசியிருந்தார் குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜான் மெக்கெயின்.

ஒன்பது நாட்களுக்குப் பின், செப்டம்பர் 24 அன்று, அவரே தமது பிரசாரத்தை நிறுத்தி வைப்பதாக அறிவித்தார். வங்கிகளை மீட்க 70,000 கோடி டாலர் கோரிய அரசின் திட்டம் நிறைவேற வாஷிங்டனில் பாடுபடப் போவதாகக் கூறி, இரு நாட்களில் நடைபெறவிருந்த முதல் விவாதத்தையும் ஒத்திவைக்கக் கோரினார். ஜனநாயகக் கட்சி வேட்பாளர் பராக் ஒபாமா இதற்கு இணங்கவில்லை. அதிபராக விரும்புகிறவர் ஒரே வேளையில் ஒன்றுக்கு மேற்பட்ட பணிகளைக் கவனிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பது அவருடைய வாதம்.

மறுநாள் அதிபர் புஷ் வெள்ளை மாளிகையில் இருவரையும் கட்சித் தலைவர்களையும் அழைத்துப் பேசினார். உடன்பாடு ஏற்படவில்லை. 26ஆம் தேதி விவாதம் மிசிசிப்பியில் திட்டமிட்டபடியே நடந்தது, மெக்கெயினும் கலந்துகொண்டார். 29 அன்று பிரதிநிதிகள் சபை மசோதாவை 228க்கு 205 என்ற வாக்குகளில் நிராகரித்தது. எதிர்த்தோரில் 133 பேர் மெக்கெயினின் சொந்தக் கட்சியினர். அன்று டவ் ஜோன்ஸ் பங்குக் குறியீடு 777 புள்ளிகள் வீழ்ந்தது. திருத்தப்பட்ட மசோதா அக்டோபர் 3 அன்றுதான் சட்டமாயிற்று. செனட் சபையில் இரு வேட்பாளர்களும் அதனை ஆதரித்தே வாக்களித்தனர். நவம்பரில் ஒபாமா வென்றார்.

மெக்கெயினின் நாட்டுப்பற்றை எவரும் ஐயுற வேண்டியதில்லை. வியட்நாமில் ஐந்தாண்டுகளுக்கும் மேலாகச் சிறைப்பட்டிருந்தவர் அவர். அந்த ஒரு வார நிகழ்வுகள் மட்டுமே தேர்தலை முடிவு செய்தன என்று கூறுவதும் பொருந்தாது. ஆயினும், வேலையை நிறுத்துகிறேன் என அறிவிப்பது எளிது. தம்மவரை இணங்கச் செய்து காரியத்தை முடிப்பதே அரிது. வீட்டை இழந்து வீதிக்கு வந்த குடும்பங்களுக்குத் தேவைப்பட்டது அறிவிப்பன்று, தீர்வு.

நம் இல்லங்களிலும் கடன் நெருக்கும் நாள் வரலாம். அந்நாளில் வீட்டாரைக் கூட்டி உரத்துப் பேசுவதைவிட, கணக்கேட்டைத் திறந்து வைத்து அனைவரும் கலந்து பேசி, அன்றாடக் கடமைகளையும் குறைவின்றி நடத்திச் செல்பவரே உண்மையான குடும்பத் தலைவர். சிந்திப்போமாக!