நஞ்சைக் காட்டும் வெள்ளியும் அளவறியும் அறிவும்

"அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்பது எம் முன்னோர் கூறிவைத்த பழமொழி. நஞ்சு பொருளில் மட்டுமன்றி அதன் அளவிலும் தங்கியிருக்கிறது என்னும் உண்மையை இதைவிடச் சுருக்கமாகக் கூற இயலாது. ஆயினும் நாம் உண்ணும் காய்கறியில் எந்த இரசாயனம் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதை எமது கண்ணும் நாவும் அறியமாட்டா. ஊரிலே மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் மருந்தடித்த கமக்காரர், மணம் போய்விட்டால் மருந்தும் போய்விட்டது என்று கருதியதுண்டு. மணம் போன பின்பும் மருந்து இருக்கலாம். அதனைக் காட்டித்தரும் ஒரு புதிய சாதனத்தைப் பற்றியும், அதனால் எமக்கு ஏற்படும் பொறுப்பைப் பற்றியும் இம்மலரில் சில கருத்துகளை முன்வைக்க விழைகின்றேன்.

இச்சாதனத்தின் வேர் ஒரு தமிழ்நாட்டு அறிஞரின் ஆராய்ச்சியில் உள்ளது. திருச்சிராப்பள்ளியில் 1888ஆம் ஆண்டு பிறந்த சேர் சி. வி. இராமன், கல்கத்தாவில் கே. எஸ். கிருஷ்ணனுடன் இணைந்து ஆராய்ந்து, 1928ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆம் நாள் தம் பெயரால் வழங்கும் விளைவைக் கண்டறிந்தார். 1930இல் நோபல் பரிசும் பெற்றார். ஒரே நிறமுடைய ஒளி ஒரு பொருளிற் பட்டுச் சிதறும்போது, அதன் மிகச் சிறிய பங்கு நிறம் மாறி வெளிவருகிறது. அம்மாற்றம் மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறுபடுவதால், கைரேகையைக் கொண்டு ஆளை அறிவதுபோல் பொருளை அறியலாம். ஆனால் இவ்வாறு மாறுவது ஏறக்குறையக் கோடியில் ஓர் ஒளித்துணிக்கை மட்டுமே. ஆகவே சிறிதளவு எச்சத்தை இம்முறையாற் காண்பது நெடுங்காலம் இயலாததாக இருந்தது.

அக்குறையைத் தீர்த்தது வெள்ளி. 1974இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ரன் பல்கலைக்கழகத்தில் பிளைஷ்மன், ஹென்ட்ரா, மக்குவிலன் ஆகியோர், கரடுமுரடாக்கிய வெள்ளி மின்வாயில் ஒட்டிய பிரிடின் என்னும் சேர்வை வலிமையான இராமன் ஒளியைத் தருவதைக் கண்டனர். வெள்ளியின் மேற்பரப்பே அவ்வொளியை இலட்சம் மடங்குக்கும் மேலாகப் பெருக்குகிறது என்பதை 1977இல் வேறு இரு ஆய்வுக் குழுக்கள் எடுத்துக்காட்டின. தக்க நேரத்தில் உந்தப்படும் ஊஞ்சல் மேலும் மேலும் உயர்வதுபோல, ஒளி பட்டதும் வெள்ளித் துணிக்கையின் இலத்திரன்கள் ஒருங்கே ஊசலாடுகின்றன. அண்மித்த இரு துணிக்கைகளுக்கிடையே உள்ள நுண்ணிய இடைவெளியில் ஒளியின் வலிமை குவிகிறது. அங்கே சிக்கும் மூலக்கூறு தன்னை மறைக்க முடியாது. இத்துணிக்கைகள் சில பத்து நனோமீற்றர் அளவின. ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கே ஒரு நனோமீற்றர்.

முன்னர் இத்துணிக்கைகளைக் கண்ணாடியிலும் சிலிக்கன் தகட்டிலும் பதித்தனர். மாம்பழமும் அப்பிளும் தட்டையானவை அல்லவே! எனவே வடிதாள், பருத்தித் துணி, ஒட்டுநாடா, ஒளிபுகும் இறப்பர்ப் படலம் முதலிய வளையும் பொருள்களில் வெள்ளியை ஏற்றும் முறைகள் உருவாயின. மதுசாரத்தில் நனைத்த வெள்ளித்துணியாற் பழத்தோலைத் துடைத்து, அத்துணியின் மீது லேசர் ஒளியைப் பாய்ச்சினால் போதும். படலமாயின் தோலின் மேல் ஒட்டியவாறே பார்க்கலாம். அப்பிள் தோலிலுள்ள தைரம் என்னும் பூஞ்சணநாசினியை இவ்வாறு பல ஆய்வுகூடங்களிற் கண்டறிந்துள்ளனர். கையடக்கக் கருவியொன்று இருந்தால் சந்தையிலேயே சோதிக்கலாம்.

இதன் குறைகளையும் கூறவேண்டும். வீட்டிலுள்ள வெள்ளிச் சிமிழ் கறுப்பதுபோல் இவ்வெள்ளியும் நாளடைவிற் கெடும். துணிக்கைகள் எங்கும் ஒரே சீராகப் பரவுவதில்லையாதலின், ஒரே துணியின் இரு இடங்கள் இரு விடைகளைத் தரலாம். அதாவது, "என்ன இருக்கிறது" என்பதை எளிதிற் சொல்லும் இச்சாதனம், "எவ்வளவு இருக்கிறது" என்பதைச் சொல்வதில் இடறுகிறது. ஆகவே இதை முதற் சல்லடையாகக் கொண்டு, ஐயத்துக்குரியவற்றை ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதே முறையாகும்.

எமக்கு வேண்டிய விடையோ "எவ்வளவு" என்பதே. இந்தியாவிலிருந்து வரும் கறிவேப்பிலையைப் பீடைகொல்லி எச்சத்துக்காகக் கூடுதலாகச் சோதிக்குமாறு 2010களில் ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது. ஒரு மருந்துக்கெனத் தனி எல்லை வகுக்கப்படாதவிடத்து, ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்பதே அங்கு பொது எல்லை. இது பத்துக் கோடியில் ஒரு பங்கு! இவ்வெல்லையைத் தாண்டியது விற்பனைக்கு ஆகாது. ஆனால் அதைத் தாண்டிய இலையெல்லாம் உண்டவரைக் கொல்லும் என்பது பொருளன்று. இவ்வேறுபாட்டை அறியாதவர், "கறிவேப்பிலையில் நஞ்சாம்" என்று கேட்டதும் ஒன்றில் அஞ்சி எறிவர், அல்லது "எல்லாம் வீண்கதை" என்று புறந்தள்ளுவர். இரண்டும் தவறு. புறந்தள்ளுவதன் விலையை 2008இல் சீனா கண்டது. புரதம் மிகுதியாக உள்ளதுபோற் காட்டப் பாலில் மெலமைன் கலக்கப்பட்டு, ஆறு குழந்தைகள் இறந்தன. ஏறத்தாழ மூன்று இலட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன.

"இவை நிபுணர்க்குரியவை, பிள்ளைகளும் இந்நாட்டுப் பாடசாலையில் விஞ்ஞானம் படிக்கிறார்கள், தமிழ்ப் பாடசாலைக்கு இது எதற்கு?" எனச் சிலர் வினவுவர். கடைக்குச் சென்று தெரிவுசெய்பவர் யார்? சமைப்பவர் யார்? எமது அன்னையரும் அம்மம்மாக்களும் அல்லவா? அவர்தம் மொழி தமிழ். வகுப்பிற் கற்றதை அவர்களுக்கு எடுத்துச்சொல்லப் பிள்ளைக்குச் சொல் இல்லையெனில், அவ்வறிவு வீட்டு வாசலிலேயே நின்றுவிடும். எமக்கு இது புதிய வழியுமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் மருத்துவர் கிறீன் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். பௌதிகத்தையும் இரசாயனத்தையும் தமிழில் கற்றும் கற்பித்தும் வந்தவர் எம்மில் பலர்.

ஆகவே, மேல்வகுப்புகளில் மாதம் ஒரு பாடவேளையை இத்தகைய வாழ்க்கை விஞ்ஞானத்துக்கு ஒதுக்குவோம். உணவுப் பொதியிலுள்ள சுட்டியைப் படிக்கவும், மில்லிகிராம் என்றால் என்ன, எல்லை என்றால் என்ன என்று விளக்கவும் பிள்ளைகளைப் பயிற்றுவோம். அவ்வேளையில் பெற்றோரும் பேரன் பேத்தியரை அழைத்துவரும் முதியோரும் வெளியே காத்திராமல் வகுப்பினுள் வந்து அமரட்டும். வெள்ளித்துணி ஒருநாள் எமது கடைத்தெருவுக்கும் வரக்கூடும். அது காட்டும் விடையை அஞ்சாமலும் அலட்சியம் செய்யாமலும் ஆராயவல்ல குடும்பங்களை இன்றே உருவாக்குவோமாக.