கோட்டை போனது, ஏரி பிழைக்கட்டும்!

சென்னையில் இருந்து தெற்கே போகும் ரெயில் செங்கல்பட்டை நெருங்கும்போது, ஒரு பெரிய ஏரி கண்ணுக்குத் தெரியும். ஜன்னல் ஓரம் இருக்கும் குழந்தைகள், "கடல்! கடல்!" என்று கூவுவார்கள்.

அது கடல் அல்ல; கொளவாய் ஏரி. செங்கல்பட்டின் கதையே அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது.

செங்கழுநீர்ப் பூ நிறைந்த ஊர் ஆகையால் "செங்கழுநீர்ப்பட்டு" என்று பெயர் வந்தது. அதுவே செங்கல்பட்டு ஆயிற்று என்று சொல்வார்கள். அந்தப் பூவும் தண்ணீரில் பூப்பதுதான்!

தண்ணீர் காத்த கோட்டை

விஜயநகர மன்னர்கள் காலத்தில், 16-ம் நூற்றாண்டில், இங்கே கோட்டை எழுந்தது. ஒருபுறம் ஏரி. மறுபுறம் சேறும் சகதியும். எதிரி எளிதில் நெருங்க முடியாது.

1751-ல் கோட்டை பிரெஞ்சுக்காரர் வசம் ஆயிற்று. மறு ஆண்டே, கடற்கரையில் உள்ள கோவளம் கோட்டையைப் பிடித்த கிளைவ், இங்கே பீரங்கிகளுடன் வந்தார். கோட்டை கைமாறியது.

1780-ல் காஞ்சீபுரத்துக்கு அருகே, பெய்லியின் ஆங்கிலப் படையை ஐதர் அலி படை முறியடித்தது. சேதி அறிந்த தளபதி மன்றோ, தன் படையோடு வந்து ஒதுங்கிய இடம் செங்கல்பட்டுதான்.

இன்று மதிலில் பெரும்பகுதி இல்லை. கோட்டை இருந்த இடத்தின் ஊடே ரெயில் பாதை போகிறது. ஏரி மட்டும் இருக்கிறது.

வேடந்தாங்கல் காட்டிய வழி

அந்த ஏரிக்கும் இப்போது ஆபத்து. கழிவுநீர் கலக்கிறது என்ற முறையீடு பல ஆண்டுகளாக இருந்து வருகிறது.

இதே மாவட்டத்தில்தான் வேடந்தாங்கல் இருக்கிறது. அந்த ஊர் ஏரியில் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டார்கள். ஊர் மக்கள் சும்மா இருக்கவில்லை. கலெக்டரிடம் முறையிட்டு, 18-ம் நூற்றாண்டின் இறுதியிலேயே பறவைகளுக்குப் பாதுகாப்பு வாங்கினார்கள்.

காரணம் என்ன? பறவை எச்சம் கலந்த நீர், பயிருக்கு நல்ல உரம். ஏரியைக் காத்தால் வயிறு நிறையும் என்பது அந்த உழவர்களுக்குத் தெரிந்திருந்தது.

படை இல்லை, பணம் இல்லை. ஆனாலும் காரியம் நடந்தது!

செய்ய வேண்டியது

2019 நவம்பர் 29-ந்தேதி செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆயிற்று. 1984-ல் உலகப் பாரம்பரியச் சின்னமான மாமல்லபுரமும் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. வெளிநாட்டாரும் அங்கே வருகிறார்கள். கல்லைப் பார்க்க வருகிறவர்கள், திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கும் வந்து தண்ணீரைப் பார்க்கட்டும். அதற்கு ஏரி சுத்தமாக இருக்க வேண்டாமா?

சாக்கடை நீரைச் சுத்தம் செய்யாமல் ஏரியில் விடக்கூடாது. இது அதிகாரிகள் பொறுப்பு.

கரையில் குப்பை கொட்டக்கூடாது. இது ஒவ்வொரு வீட்டின் பொறுப்பு.

எஞ்சிய கோட்டைச் சுவர் அருகே, அதன் வரலாற்றைச் சொல்லும் பலகை ஒன்று வைக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் படித்துத் தெரிந்து கொள்வார்கள்.

இடிந்த கோட்டை இனி ஊரைக் காக்காது. ஏரி காக்கும். ஏரியை ஊர் காக்க வேண்டும்!