துப்பாக்கி இல்லாதவர்களும் படிக்க வேண்டிய சட்டம்

நியூஜெர்சியின் எடிசனிலிருந்தோ கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டிலிருந்தோ டெக்சஸின் ஃப்ரிஸ்கோவுக்குக் குடிபெயரும் தமிழ்க் குடும்பம் வீடு பார்க்கும்போது எதைத்தான் விசாரிப்பதில்லை? ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் எப்படி, சொத்து வரி எவ்வளவு, கோயில் எத்தனை மைல், வாசல் கிழக்கே பார்த்திருக்கிறதா என்பது வரை எல்லாம் கேட்டாகிறது. டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது என்பது பெட்டி கட்டும் முன்பே மனப்பாடம். ஆனால் அங்கே 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பிய, சட்டம் தடுக்காத எவரும் உரிமம் என்ற ஒன்றே இல்லாமல் இடுப்பில் கைத்துப்பாக்கியுடன் கடைத்தெருவில் நடமாடலாம் என்பதை எத்தனை பேர் விசாரித்தார்கள்? கேட்டால், “நம்மிடம்தான் துப்பாக்கியே இல்லையே, அந்தச் சட்டம் நமக்கு எதற்கு?” என்பார்கள். இந்த அலட்சியம் ஆபத்தானது. அமெரிக்காவில் மாநிலம் மாறுகிறவர்கள் ஆயுதச் சட்டங்களை ஒப்பிட்டுப் பார்த்தே ஆக வேண்டும். துப்பாக்கி இல்லாத வீடுகள் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் வளர்ந்தவர்களுக்கு இது தோன்றாமல் போவதில் வியப்பில்லை. இங்கே 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் நாடு முழுமைக்கும் ஒன்றுதான். உரிமம் வேண்டுமானால் ஆட்சியரிடம் மனு, காவல்துறை விசாரணை. தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கோவையிலிருந்து போபாலுக்குப் போனாலும் சட்டம் அதேதான். அமெரிக்காவில் அப்படியில்லை. 1791இல் அரசமைப்பில் சேர்ந்த இரண்டாவது திருத்தம் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் பேசுகிறது. அது தனிமனித உரிமைதான் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வீட்டுக்கு வெளியே ஏந்திச் செல்லவும் உரிமை உண்டு என்று 2022இல் நியூயார்க் வழக்கில் தீர்ப்பளித்தது. இத்தனைக்குப் பிறகும் யார் வாங்கலாம், எப்படிப் பூட்டி வைக்க வேண்டும், எத்தனை தோட்டா கொள்ளும் மேகசின் கூடும் என்பதையெல்லாம் மாநிலங்களே தீர்மானிக்கின்றன. 29 மாநிலங்களில் ஏந்திச் செல்ல உரிமமே வேண்டாம். நியூயார்க்கிலோ கைத்துப்பாக்கியை வீட்டு அலமாரியில் வைத்திருக்கவே உரிமம் தேவை. வெளிமாநில உரிமம் அங்கே செல்லாது.

இதில் சிக்கிச் சீரழிந்தவர்கள் உண்டு. கொலராடோவில் முறைப்படி வாங்கிய கைத்துப்பாக்கிகளோடு நியூஜெர்சிக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்த ஓர் இளைஞரை 2009இல் போலீசார் பிடித்தார்கள். துப்பாக்கிகள் தோட்டா நீக்கப்பட்டு, வீட்டுச் சாமான்களோடு காரின் டிக்கியில் கிடந்தன. வீடு மாறும்போது எடுத்துச் செல்ல நியூஜெர்சி சட்டத்திலேயே விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கை நீதிபதி ஜூரிகளிடம் சொல்லவில்லை. கிடைத்தது ஏழாண்டுச் சிறை. சில மாதங்கள் உள்ளே இருந்த பிறகு, 2010 டிசம்பரில் அன்றைய ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி தண்டனையைக் குறைத்து வெளியே விட்டார். ஆளுநரின் கருணை எல்லோருக்கும் வாய்க்காது.

துப்பாக்கியோடு குடிவருகிறவருக்குச் சில மாநிலங்கள் தெளிவான விதிகளை வைத்திருக்கின்றன. கலிஃபோர்னியாவுக்குக் குடிவருகிறவர் தன் துப்பாக்கிகளை 60 நாளுக்குள் மாநில நீதித்துறையிடம் தெரிவிக்க வேண்டும்; 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசினையும், ‘அசால்ட் வெப்பன்’ பட்டியலில் உள்ளவற்றையும் கொண்டுவரவே கூடாது. நியூஜெர்சியில் 2022 முதல் குடிவந்தவர் 60 நாளுக்குள் துப்பாக்கி வாங்குவோருக்கான அடையாள அட்டை பெற்றுத் துப்பாக்கியைப் பதிவு செய்ய வேண்டும். இல்லினாயில் துப்பாக்கி வைத்திருக்க 1968இலிருந்தே தனி அட்டை வேண்டும். ஆனால் இதையெல்லாம் வருகிறவருக்கு யார் சொல்கிறார்கள்? ஒருவரும் இல்லை. சட்டம் தெரியாது என்பது சாக்கு ஆகாது என்ற பழைய பாடம் மட்டும் நீதிமன்றத்தில் காத்திருக்கிறது.

நம்மவர்களுக்கு இன்னொரு கத்தியும் தலைக்கு மேல் தொங்குகிறது. எச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாக்களில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் வைத்திருப்பவர் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. 2022இல் இதற்கான அதிகபட்ச சிறைத்தண்டனை 10 ஆண்டிலிருந்து 15 ஆண்டாக உயர்ந்தது. டெக்சஸில் எவரும் உரிமமின்றி ஏந்தலாம் என்று நண்பர் சொன்னதை நம்பி விசாக்காரர் ஒருவர் வாங்கிவிடக் கூடாது. ‘எவரும்’ என்பதில் அவர் சேர்த்தியில்லை. அபார்ட்மென்ட்டில் உடன் தங்கும் அமெரிக்க நண்பரின் துப்பாக்கி பொது அலமாரியில் கிடந்தால்கூட அது யாருடைய கைவசம் இருந்தது என்ற கேள்வி எழும். க்ரீன் கார்டு கைக்கு வந்தவர் வாங்கலாம்தான். ஆனால் துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெறுவது நாடுகடத்தலுக்கான காரணங்களில் ஒன்று என்று குடிவரவுச் சட்டம் தனியே சொல்கிறது. டல்லாஸில் குற்றமே இல்லாத ஒன்று நியூஜெர்சியின் நியூவர்க்கில் பத்தாண்டு அமெரிக்க வாழ்க்கையைக் கலைத்துப்போடலாம்.

துப்பாக்கியே வேண்டாம் என்றிருப்பவர்களின் கதைக்கு வருவோம். குழந்தை புதுப் பள்ளியில் சேர்ந்த இரண்டாவது வாரம் நண்பன் வீட்டுக்கு விளையாடப் போகிறது. அந்த வீட்டு மேசை இழுப்பறையில் என்ன இருக்கிறது? மாசசூசெட்ஸில் என்றால் உரிமையாளரின் கைவசம் இல்லாத துப்பாக்கி பூட்டியே இருக்க வேண்டும். கலிஃபோர்னியாவிலும் 2026 ஜனவரி முதல் எல்லா வீடுகளுக்கும் அப்படியொரு விதி. டெக்சஸில் 17 வயதுக்குட்பட்டவர் கையில் தோட்டா நிரப்பிய துப்பாக்கி சிக்கும்படி விட்டால் குற்றம். ஆனால் சிறுவன் சுட்டு உயிரே போனாலும் இந்தப் பிரிவில் அதிகபட்சம் ஓராண்டுச் சிறைதான். ஃப்ளோரிடாவைத் துப்பாக்கிக்காரர்களின் மாநிலம் என்று நினைக்கிறோம். குழந்தை கையில் துப்பாக்கி சிக்காமல் காக்கும் சட்டத்தை நாட்டிலேயே முதலில், 1989இல், கொண்டுவந்தது அதுதான். பெயரை வைத்து மாநிலத்தை எடை போடக் கூடாது என்பதற்கு இதுவே சாட்சி. அமெரிக்காவில் குழந்தைகளும் பதின்வயதினரும் சாகும் காரணங்களில் 2020 முதல் துப்பாக்கி முதலிடத்தில் இருக்கிறது. “ஒவ்வாமை இருக்கிறதா” என்று கேட்பது போலவே, “வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா” என்று அந்த நண்பனின் பெற்றோரைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

நவராத்திரியில் கொலுவுக்கு அழைப்பு வருகிறது. ஒரே அச்சில் வார்த்த நூறு வீடுகள், இருட்டுத் தெரு, வாட்ஸ்அப்பில் வந்த கதவு எண். தப்பான கதவைத் தட்டிவிட்டால்? 1992இல் லூசியானாவின் பேட்டன் ரூஜில் ஹாலோவீன் விருந்துக்குப் போன 16 வயது ஜப்பானிய மாணவர் வீடு மாறிப் போய் நின்றார். வீட்டுக்காரர் சுட்டதில் இறந்தார். மறு ஆண்டு ஜூரிகள் அந்த வீட்டுக்காரரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தார்கள். பெற்றோருக்குச் சிவில் வழக்கில்தான் நீதி கிடைத்தது. தற்காப்புக்காகச் சுடுவதற்குச் சட்டம் எவ்வளவு இடம் தருகிறது என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பின்வாங்க வழியிருந்தும் சுடலாம் என்று ஃப்ளோரிடா 2005இல் சட்டம் போட, பல மாநிலங்கள் அதன் வழியே போயின.

கோயில், தமிழ்ப் பள்ளி நிர்வாகிகளுக்கும் இதில் வேலை இருக்கிறது. டெக்சஸில் வளாகத்துக்குள் துப்பாக்கி வேண்டாம் என்றால் வாசலில் காகிதம் ஒட்டினால் போதாது. உரிமம் உள்ளவர் மறைத்துக் கொண்டுவருவதைத் தடுக்க 30.06ஆம் பிரிவு, வெளிப்படையாகக் கொண்டுவருவதைத் தடுக்க 30.07, உரிமமில்லாமல் ஏந்துபவருக்கு 30.05. முதல் இரண்டின் வாசகத்தைச் சட்டமே வார்த்தைக்கு வார்த்தை எழுதித் தந்திருக்கிறது. ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும், குறைந்தது ஓர் அங்குல உயர எழுத்தில், ஒவ்வொரு நுழைவாயிலிலும் பளிச்சென்று தெரிய வேண்டும். வழிபாட்டுத் தலமானாலும் இப்படி அறிவிக்காவிட்டால் உரிமம் உள்ளவர் துப்பாக்கியோடு வரலாம் என்று 2019இல் தெளிவுபடுத்தினார்கள். கும்பாபிஷேகத்துக்குப் பந்தக்கால் நடும் நேரத்தில் இந்தப் பலகையையும் நட்டுவிடலாம்.

பட்டியல்களுக்கும் பஞ்சமில்லை. கிஃபோர்ட்ஸ் சட்ட மையம் ஆண்டுதோறும் மாநிலங்களுக்கு மதிப்பெண் போடுகிறது; கலிஃபோர்னியாவுக்கு ‘ஏ’, டெக்சஸுக்கு ‘எஃப்’. ‘கன்ஸ் அண்ட் அம்மோ’ இதழும் துப்பாக்கிக்காரர்களுக்கு உகந்த மாநிலங்களை வரிசைப்படுத்துகிறது. அதில் நியூயார்க் அடிமட்டத்தில், அரிசோனா பல ஆண்டுகள் முதலிடத்தில். அந்தச் சட்ட மையத்துக்குப் பெயர் தந்த கிஃபோர்ட்ஸ், நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபோது 2011இல் தலையில் சுடப்பட்டது அதே அரிசோனாவில். ஒரு பட்டியலைத் தலைகீழாகப் பிடித்தால் ஏறக்குறைய மற்றது வந்துவிடும். இரண்டையும் விட நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் எண்கள் நேராகப் பேசும்: 2021இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் லட்சம் பேருக்கு மிசிசிப்பியில் 33.9, மாசசூசெட்ஸில் 3.4. வறுமை, மருத்துவ வசதி என வேறு காரணங்களும் இதில் கலந்திருக்கின்றன. சட்டம் ஒன்றே இந்தப் பத்து மடங்கு வேறுபாட்டைப் படைத்தது என்று சொல்ல மாட்டோம். ஆனால் நாடு முழுவதும் இந்தச் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள் என்பதை மறக்கக் கூடாது. மனம் உடைந்த ஒரு இரவில் கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருப்பதும் இல்லாதிருப்பதும் உயிர் போவதையும் மிஞ்சுவதையும் தீர்மானித்துவிடுகிறது. ஆபத்தானவர் கையிலிருந்து நீதிமன்ற உத்தரவால் தற்காலிகமாகத் துப்பாக்கியை வாங்கிவைக்கும் ‘ரெட் ஃப்ளாக்’ சட்டம் இங்கேதான் உதவும். 17 பேரைப் பலிகொண்ட பார்க்லேண்ட் பள்ளிப் படுகொலைக்குப் பின் 2018இல் ஃப்ளோரிடா அதைக் கொண்டுவந்தது. 2022இல் யுவால்டியில் 19 குழந்தைகளையும் இரண்டு ஆசிரியைகளையும், 2023இல் ஆலன் நகரக் கடைவளாகத்தில் இந்தியாவிலிருந்து போன இளம் பெண் பொறியாளர் உட்பட எட்டுப் பேரையும் பறிகொடுத்த டெக்சஸோ, 2025இல் அப்படிப்பட்ட உத்தரவுகளையே தடைசெய்து சட்டம் போட்டது.

மாநிலந்தோறும் விதி மாறுவதால் நேர்மையானவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள் என்று துப்பாக்கி உரிமைக்காரர்கள் சொல்வது நியாயம். தோட்டா நீக்கி, கைக்கெட்டாமல் வைத்து, இரு முனையிலும் சட்டபூர்வமாக இருந்தால் இடைப்பட்ட மாநிலத்தைக் கடந்து போகலாம் என்று 1986இன் கூட்டாட்சிச் சட்டம் பாதுகாப்பு தருகிறது; ஆனாலும் விமானம் தவறி இடையில் ஒரு இரவு தங்கியவரை நியூவர்க் விமான நிலையத்தில் கைதுசெய்தார்கள். ஆனால் துப்பாக்கி உரிமைக்காரர்கள் காட்டும் தீர்வுதான் தப்பு. ஒரு மாநிலத்தில் ஏந்த முடிந்தவர் எல்லா மாநிலத்திலும் ஏந்தலாம் என்ற மசோதா 2017 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி செனட்டில் நின்றது. 2025இல் மறுபடி வந்திருக்கிறது. அது நிறைவேறினால் பயிற்சியும் விசாரணையும் கேட்கும் நியூஜெர்சி, எதையும் கேட்காத மாநிலத்தின் விதியைத் தலைமேல் தாங்க வேண்டிவரும். கடுமையான சட்டமுள்ள இல்லினாயின் சிகாகோவில் போலீசார் கைப்பற்றும் துப்பாக்கிகளில் கணிசமானவை பக்கத்து இண்டியானாவில் வாங்கியவை. எல்லைக்கு அப்பாலிருந்து துப்பாக்கி வருவதே இப்படியிருக்க, விதியும் சேர்ந்து வந்தால் என்ன மிஞ்சும்?

அமெரிக்க நாடாளுமன்றம் அந்த மசோதாவை நிராகரிக்க வேண்டும். அதற்குப் பதில், குடிபெயர்கிறவருக்கு எல்லா மாநிலத்திலும் 60 நாள் அவகாசம் என்று ஒரே விதி வைக்கட்டும். அதற்குள் பதிவுசெய்பவரைச் சிறைக்கு அனுப்பக் கூடாது. தனியாருக்குள் நடக்கும் விற்பனைக்கும் பின்னணிச் சோதனை, குழந்தை உள்ள வீட்டில் பூட்டு ஆகிய இரண்டும் எந்த மாநிலமும் கீழே இறங்க முடியாத தளமாகட்டும். அதற்கு மேல் கடுமையாக்குவது மாநிலங்களின் பாடு. புது மாநிலத்துக்குப் போகிறவர் எப்படியும் ஓட்டுநர் உரிமத்தை மாற்றியாக வேண்டும். அந்தக் கவுன்டரில் ஆயுதச் சட்டத்தை ஒரே தாளில் அச்சடித்துக் கையில் கொடுக்க மாநிலங்களுக்கு எந்தத் தடையும் இல்லை. காசும் அதிகம் ஆகாது. ஆண்டுதோறும் ஜூலையில் கூடும் வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவை இதைத் தீர்மானமாக நிறைவேற்றி ஆளுநர்களுக்கு அனுப்பலாம். அந்தத் தாளின் தமிழ் வடிவத்தைச் சங்கங்களே தயாரித்துத் தரலாம்.