ஒருநிற ஒளி

லேசர் என்றதும் இரும்பையும் அறுக்கும் அதன் வன்மையையே பலர் வியப்பர். அதனினும் போற்றத்தக்கது அதன் நிறத்தூய்மை. சோடிய ஆவியில் அணுக்கள் பல திசையிலும் விரைந்தோடும். அவ்வோட்டத்தால் அவற்றின் மஞ்சள் நிறமாலைக் கோடுகள் அகன்று, தம்முள் இருக்கும் நுண்பிரிவுகளை மறைத்துவிடும். 1971இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்தில் ஹேன்ஷ், ஷாலோ முதலியோர் லேசர்க் கதிரொன்றை வலிதும் மெலிதுமாகப் பிரித்து, எதிரெதிரே அவ்வாவியினூடு செலுத்தினர். கதிரின் திசையில் ஓடாத அணுக்களே இரண்டுக்கும் ஒருங்கே இசைந்தன. வலிய கதிர் அவற்றை முன்னரே கிளர்த்திவிட்டமையின், மெலிய கதிர் அங்கே குறைவாகவே விழுங்கப்பட்டது. மறைந்த பிரிவுகள் புலப்பட்டன. ஓடுவனவற்றை நிறுத்தாமலே நிற்பனவற்றைத் தெரிந்தெடுத்த நுட்பம் இது! இதற்குச் சிறிது வன்மையும் வேண்டும் என்பது மெய்யே. ஆயினும் பல நிறம் கலந்த கதிர், எத்துணை வலிதாயினும், எல்லா அணுக்களையும் ஒருசேரக் கிளர்த்துமேயன்றி, நின்றவற்றைப் பிரித்துக் காட்டாது.