பெயரில்லாத பெருமீன்

ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபப் படித்துறையைத் தொட்டு ஓடும் நீரைக் காவிரி என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். கேரள மலையிலிருந்து பாம்பாறாக இறங்கி அமராவதியில் சேர்ந்த நீரும், நீலகிரி அடிவாரத்து மோயாறாக ஓடிப் பவானியில் கலந்த நீரும் அதில் உண்டு. ஒரு மீனின் கதைக்கு இந்த இரண்டு சிற்றாறுகளும் வேண்டும்.

காவிரியிலும் அதன் கிளையாறுகளிலும் மட்டுமே வாழ்வது திமில் மகசீர் என்னும் பெருங்கெண்டை. தலைக்குப் பின்னே காளையின் திமில் போன்ற மேடு, செம்மஞ்சள் துடுப்புகள். 1946-இல் கபினியில் தூண்டிலில் சிக்கிய ஒன்று 54 கிலோ இருந்தது. எடை தெரிந்தும் இனம் தெரியவில்லை! கிருஷ்ணா ஆற்றுப் படுகையின் வேறொரு மீனுக்கு 1839-இல் சைக்ஸ் இட்ட 'முசுல்லா' என்ற பெயரையே பலரும் இதற்கும் ஒட்டி வந்தார்கள்.

பெயரில் என்ன இருக்கிறது என்பீர்கள். கேளுங்கள். மகசீர் குறைகிறதே என்று, 1970-களிலிருந்து லோனாவாலாப் பொரிப்பகத்துக் குஞ்சுகளைக் கொண்டுவந்து காவிரியில் விட்டார்கள். அவை நீலத்துடுப்பு மகசீர், வேறு இனம். நடுக் காவிரியில் மீனைப் பிடித்து உயிருடன் திரும்ப விடும் தூண்டில்காரர்கள் 1998 முதல் 2012 வரை எழுதிவைத்த கணக்கில், மகசீர் மொத்தத்தில் பெருகியிருந்தது. பிரித்துப் பார்த்தபோதோ பெருகியது நீலத்துடுப்பு. திமில் மீன் ஏறக்குறைய மறைந்தே விட்டிருந்தது. நான் பௌதிகம் கற்பிப்பவன். எதை அளக்கிறோம் என்று தெரியாமல் அளந்த அளவை எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஏற்கமாட்டோம்.

பிறகு மோயாற்றில் தேடினார்கள், மீன் கிடைத்தது. அதன் உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டபோது விடை பாம்பாற்றில் இருந்தது. அங்கே கிடைத்த சிறு மீன்களைக் கொண்டு குருப்பும் இராதாகிருஷ்ணனும் 2010-ஆம் ஆண்டின் ஆய்விதழில் 'டோர் ரெமாதேவியை' என்ற புதிய இனத்தை விவரித்திருந்தார்கள். சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வுத்துறையில் பணியாற்றிய மீனியல் அறிஞர் ரெமாதேவியின் பெயர் அது. அந்தச் சிறு மீன்களும் பெருமீனும் ஓரினமே என்று 2018-இல் வெளியான ஆய்வு நிறுவியது. அதே ஆண்டில் மீன், மிகவும் அருகிவிட்ட உயிர்களின் உலகப் பட்டியலில் ஏறியது. பெயர் உறுதிப்படாதவரை எந்தப் பட்டியலில் அதைச் சேர்ப்பது?

வகைப்பாட்டியல் பழம்பாடம், மனப்பாடப் பாடம் என்று விலங்கியல் மாணவர்களே அலுத்துக்கொள்வதைக் கேட்கிறேன். எனக்கு உடன்பாடில்லை. சென்ற மாதம் ஒரு கல்லூரியின் அருங்காட்சியறையில் மீன் குப்பி ஒன்றைப் பார்த்தேன். சீட்டில் 'கெண்டை' என்று மட்டும் இருந்தது; எந்த ஆறு, எந்த நாள் என்று இல்லை. அருகிலிருந்த ஆய்வகப் பணியாளரைக் கேட்டேன். "அது ரொம்ப நாளா இருக்குதுங்க சார்" என்றார்.